இடமறியாக் கல் ஊமைக் கல்

தமிழ்நாட்டு மேட்டுநிலங்களில் கோடைமழை வலுத்துப் பெய்து ஓய்ந்தபின், மேல்மண் கரைந்தோடிய இடங்களில் இரண்டு பொருள்கள் தலைகாட்டும். ஒன்று கல், மற்றொன்று பானையோடு. ஆடு மேய்ப்பவர் அவற்றை மிதித்துச் செல்வார். உழவர் ஏர்முனைக்கு இடையூறென்று வரப்போரம் ஒதுக்குவார். கீழடியில் 2014-15இல் அகழாய்வு தொடங்கி, தமிழ்மக்களின் பார்வை மண்ணுக்குள் திரும்பியபின், மூன்றாம் வகையினர் ஒருவரும் அந்நிலங்களில் நடமாடத் தொடங்கியுள்ளனர். தமிழ்ப்பற்றும் பழம்பொருள் ஆர்வமும் ஒருங்கே மிக்க இளைஞரும் பள்ளி ஆசிரியருமே அவர். விடுமுறை நாள்களில் ஓடைக்கரைகளையும் ஏரிக்கரைகளையும் சுற்றிவந்து, கண்ணிற்பட்ட கல்லையும் ஓட்டையும் பைநிறையச் சேர்த்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

அவ்வார்வம் போற்றத்தக்கதே. ஒரு தலைமுறைக்கு முன் இத்தகைய நாட்டம் புலவர் சிலர்க்கும் கல்லூரிப் பேராசிரியர் சிலர்க்கும் மட்டுமே இருந்தது. ஆனால் அப்பையிலிருந்த பொருள்கள் வீட்டில் என்னவாகின்றன? முதலில் அவை தேய்த்துக் கழுவப்படுகின்றன. பின்னர் அழகுள்ளவை ஒருபுறமும் அழகற்றவை மறுபுறமும் பிரிக்கப்பட்டு, அழகற்றவை தெருவில் எறியப்படுகின்றன. எஞ்சியவை பஞ்சு பரப்பிய பெட்டியில் அடுக்கப்பட்டு, விழாக்களிலும் மாநாடுகளிலும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. காண்பவர் ஒருவர், “இஃது எங்குக் கிடந்தது?” என்று வினவினால், “எங்கள் ஊர்ப் பக்கம்” என்பதே விடை. “ஓடைப் படுகையிலா, மேட்டிலா? மேல்மண்ணிலா, தோண்டிய பள்ளத்திலா? அதனோடு வேறென்ன கிடந்தது?” என்னும் அடுத்த வினாக்களுக்கு விடையே இராது.

கல்லும் ஓடும் பாதிச் சான்றுகளே. அவை கிடந்த இடம் மறுபாதிச் சான்று. அம்மறுபாதியை அழித்துவிட்டு முதற்பாதியைப் பெட்டியில் வைத்துப் போற்றுவது, ஓலைச்சுவடியின் ஏடுகளைக் கயிற்றினின்று உருவிக் கலைத்து, எழுத்தழகுள்ள ஏடு நான்கை மட்டும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதை ஒக்கும்.

இந்நாட்டில் பழைய கற்காலக் கருவியை முதன்முதல் இன்னதென்று அடையாளங் கண்டவர் தமிழரல்லர். இராபர்ட்டு புரூசு ஃபூட்டு என்னும் ஆங்கிலேயர். இந்திய நிலவியல் அளவைத் துறையில் 1858இல் பணியேற்ற அவர், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், செம்புரைச் சரளை தோண்டிய பள்ளமொன்றில் மாந்தக்கை பட்ட கல்லொன்றைக் கண்டெடுத்தார். ஐரோப்பாவிலேயே அத்தகைய கற்கள் தொல்மாந்தர் செய்தவையென்று அறிஞரால் ஒப்புக்கொள்ளப்பட்டு அப்பொழுது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு செபுத்தம்பர்த் திங்களில் வில்லியம் கிங்கு என்பாருடன் சென்று, கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரருகே கைக்கோடரிகள் பலவற்றை அவர் கண்டார்.

அக்கற்களை அதற்கு முன் யாருமே கண்டிருக்கவில்லையா? ஆயிரமாயிரம் பேர் கண்டிருப்பர். அவற்றின்மேல் இடறியும் விழுந்திருப்பர். ஃபூட்டுக்கு இருந்து மற்றவர்க்கு இல்லாதது நிலநூற் பயிற்சி. ஒரு பொருளைக் கண்டவுடன் அஃது எந்த மண்ணடுக்கில் உள்ளது, அம்மண் எப்படி அங்கு வந்தது என்று கேட்கும் பழக்கம் அவர்க்குத் தொழிலாலேயே அமைந்திருந்தது. பிற்காலத்தில் அவர் தென்னாடு முழுதும் திரிந்து சேர்த்த தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் பெற்றுக்கொண்டது. அவர் 1912இல் மறைந்தபின், 1914இலும் 1916இலும் அத்தொகுப்பின் பட்டியல் இரு நூல்களாக வெளிவந்தது. பொருளுக்கு எண், எண்ணுக்கு ஊர் என்று மாவட்ட வாரியாக அமைந்த பட்டியல் அது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அத்தொகுப்பு ஆய்வாளர்க்குப் பயன்படுவதற்குக் கரணியம் கல்லின் அழகன்று, அப்பட்டியலே.

கல்லை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று விரிவாகவே பார்த்தல் தகும். ஏனெனில், கூரிய முனையுள்ள கல்லெல்லாம் கருவியென்று கொள்ளும் மயக்கம் பரவலாக உள்ளது.

வெயிலில் காய்ந்து வெடித்த கல்லும், காட்டுத்தீயில் தெறித்த கல்லும், வெள்ளத்தில் ஒன்றோடொன்று மோதி உடைந்த கல்லும் கூர்முனை கொள்வதுண்டு. கையால் உடைத்த கல்லுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. இறுகிய நுண்மணிக் கல்லின் ஓரத்தில் மற்றொரு கல்லால் ஓங்கி அடித்தால், அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை உள்நோக்கிப் பரவி, ஒரு செதில் பிரியும். அச்செதிலின் மேல்முனையில் அடி விழுந்த சிறு தளமும், அதன் கீழே உட்புறத்தில் மெல்லப் புடைத்த குமிழும், குமிழிலிருந்து கீழ்நோக்கிச் சிப்பியின் வரிகளைப்போல் வளைந்து செல்லும் அலைகளும் தோன்றும். செதில் பிரிந்த மூலக்கல்லில் அக்குமிழுக்கு நேரான குழிவு, தழும்பாய் நிற்கும். இத்தகைய தழும்புகள் ஒன்றல்ல பல, ஒரே ஓரத்தில், ஒரே நோக்கோடு, ஒன்றன்மேல் ஒன்று வெட்டிச் செல்வதைக் கண்டால் அங்கே ஒரு கை இருந்தது, அக்கைக்குப் பின்னே ஒரு கருத்து இருந்தது என்று துணியலாம். எந்தத் தழும்பு எதனை வெட்டுகிறது என்று பார்த்து, எந்த அடி முன், எந்த அடி பின் என்றுகூட வரிசைப்படுத்தலாம். இரு புறமும் செதுக்கி, அடி பருத்து முனை கூர்த்துப் பாதாம்பருப்பு வடிவில் அமைந்தது கைக்கோடரி. முனைக்கு மாறாக அகன்ற வெட்டுவாய் கொண்டது பிளக்கும் கருவி. மேலும், கல்லின் விளிம்புகள் இன்னும் கூராயிருந்தால் அது செய்யப்பட்ட இடத்திலோ அருகிலோ கிடந்தது என்றும், விளிம்புகள் மழுங்கி உருண்டிருந்தால் ஆற்றுநீர் அதனைத் தொலைவிலிருந்து புரட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்றும் உய்த்துணரலாம்.

இங்கேதான் அழகு பார்த்துப் பொறுக்குபவரின் தீங்கு தெரிகிறது. கைக்கோடரி ஒன்று செய்ய எத்தனையோ செதில்கள் தெறித்து விழும். அச்செதில்கள் உருவற்றவை, கண்காட்சிக்கு உதவாதவை. ஆனால் அவை ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் அது கருவி செய்த பட்டறை. கோடரி மட்டும் இருந்து செதில் இல்லையென்றால், அது வேறெங்கோ செய்து கொண்டுவரப்பட்டது. சில வேளைகளில், உடைந்த செதில்களை ஒன்றோடொன்று பொருத்தி, உடைபடுமுன் இருந்த முழுக்கல்லையே மீட்டமைத்துவிடுவர். அழகிய நான்கைப் பொறுக்கிக்கொண்டு மீதியைக் கலைத்தவர், அவ்விடத்துச் செய்தியை என்றைக்கும் படிக்க முடியாதபடி செய்துவிடுகிறார்.

அத்திரம்பாக்கத்தின் பிற்கால வரலாறு இதற்குச் சிறந்த சான்று. ஃபூட்டு கண்டபின் அறிஞர் பலர் அங்குச் சென்றனர். 1960களில் ஒன்றிய அரசின் தொல்லியல் துறையும் அகழ்ந்தது. ஆயினும் அவ்விடத்துக் களிமண் அடுக்கொன்று, பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஆவடிக் களிப்பாறையைச் சேர்ந்தது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வளவு பழைய பாறைக்குள் மாந்தன் செய்த கல் எப்படி இருக்கும்? ஆகவே அங்குள்ள கருவிகள் மேலிருந்து வந்து படிந்தவையாகவே எண்ணப்பட்டன. சாந்தி பப்பு அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1999இல் தொடங்கிய அகழாய்வே அக்கருத்தை மாற்றியது. அது பாறையன்று, ஆற்றுவெள்ளம் படிப்படியாய் விட்டுச்சென்ற களி என்றும், கருவிகள் அதனுள்ளேயே அடுக்கடுக்காய்ப் பொதிந்துள்ளன என்றும் அவர்கள் காட்டினர். கல் மாறவில்லை, மண்ணைப் படித்த முறை மாறியது. அவ்வளவில் அவ்வூரின் வரலாறே மாறிவிட்டது.

அக்கீழ் அடுக்குகளிலிருந்து 3,500க்கும் மேற்பட்ட கற்கள் எடுக்கப்பட்டன. மணற்கல் வெம்மையாலும் அழுத்தத்தாலும் இறுகி வலுத்த பாறையாலானவை அவை. அவற்றின் காலத்தை இரு வழிகளில் கணித்தனர். முதலாவது, அக்களி படிந்தபோது ஞாலத்தின் காந்தமுனைகள் இன்றைக்குத் தலைமாறாய் இருந்தன என்பது களியின் நுண்துகள்களால் தெரிந்தது. ஆகவே அது குறைந்தது 10,70,000 ஆண்டுப் பழமையுடையது. இரண்டாவது, வெளியில் கிடக்கும் கல்லின்மேல் விண்கதிர்கள் படுவதால் அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு தனிமங்கள் உண்டாகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதையுண்டபின் அவை மேலும் உண்டாவதில்லை. இருப்பவை அழியத் தொடங்கும். முன்னது விரைந்தும் பின்னது மெல்லவும் அழிவதால், இரண்டின் எஞ்சிய விழுக்காட்டை ஒப்பிட்டால் கல் புதையுண்ட காலம் கிடைக்கும். ஆறு கருவிகளை இவ்வாறு கணித்ததில் ஏறத்தாழ 15,00,000 ஆண்டு என்னும் விடை வந்தது. முடிவு 2011இல் வெளியிடப்பட்டது. அங்கேயே மேலடுக்குகளில் கிடைத்த 7,200க்கும் மேற்பட்ட சிறிய கருவிகளின் காலம், மணல் கடைசியாய் ஒளி கண்ட வேளையைக் கணிக்கும் முறையால் ஆராயப்பட்டது. கைக்கோடரி மறைந்து, திட்டமிட்டுச் செதில் பெயர்க்கும் இடைப் பழங்கற்காலத் தொழில் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தலையெடுத்தது என்று 2018இல் அறியப்பட்டது.

இவ்விரு முடிவுகளும் உலக அறிஞரின் கணக்குகளைப் புரட்டின. தென்னாட்டிற்குத் தொழில்கள் யாவும் காலந்தாழ்ந்து, பிற நாட்டாரின் எச்சிலாய் வந்து சேர்ந்தன என்று எழுதியோர் தம் நூல்களைத் திருத்த வேண்டியவராயினர். ஆனால் மேற்கூறிய முறைகளுள் எதையேனும், பஞ்சுப் பெட்டியில் கிடக்கும் கைக்கோடரிக்குப் பயன்படுத்த இயலுமா? அது எந்த ஆழத்தில் எத்தனைக் காலம் புதைந்திருந்தது என்பதே தெரியாதபோது எந்தத் தனிமத்தைக் கணிப்பது? எந்த மணலின் ஒளியை அளப்பது? அத்திரம்பாக்கத்துக் கோடரியும் பெட்டிக்குள் கிடக்கும் கோடரியும் உருவத்தில் உடன்பிறப்புகளாய் இருக்கலாம். ஒன்று பேசுகிறது, மற்றொன்று வாயடைத்துக் கிடக்கிறது.

இவ்விடத்தில் தமிழன்பர் சிலர்க்குக் கசப்பாய்த் தோன்றும் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். “15,00,000 ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் கோடரி செய்தான்” என்று மேடைகளில் முழங்கப்படுகிறது. கையொலியும் எழுகிறது. இக்கால மாந்தவினத்தைச் சேர்ந்தவையாய் இதுவரை அறியப்பட்ட எலும்புகளுள் மிகப் பழையவை மொரோக்கோ நாட்டில் கிடைத்தவை. அவையே ஏறத்தாழ 3,00,000 ஆண்டுப் பழமையன. அப்படியாயின் 15,00,000 ஆண்டுகளுக்கு முன் கொற்றலைக் கரையில் கல்லுடைத்தவர் இக்கால மாந்தரல்லர். அவர்க்கு முந்திய, மாந்தவினத்தின் வேறொரு கிளையினர். அத்திரம்பாக்கத்தில் அவர்தம் எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. விலங்குகளின் கல்லாகிப்போன பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. கருவி செய்தவர் கருவியை மட்டுமே விட்டுச்சென்றார். அவர் பேசினாரா, பேசியது எத்தகைய மொழி என்பதைக் கல்லிடம் கேட்டுப் பயனில்லை. கல் மொழி சொல்லாது.

இந்நிலம் பழையது என்பது வேறு. இம்மொழி பழையது என்பது வேறு. இரண்டும் உண்மையாயினும் ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்குக் காட்டுவது, தமிழின் தொன்மையை மறுக்கக் காத்திருப்போர் கையில் வலியச் சென்று கோலைக் கொடுப்பதாகும். அவர்கள் அந்த ஒரு பொய்யைக் கிழித்துக் காட்டி, அதனோடு சேர்த்துப் பத்து மெய்யையும் குப்பையில் தள்ளுவர். தமிழுக்கு அத்தகைய முட்டுக்கட்டை தேவையில்லை. கீழடியில் ஆதன், குவிரன் ஆதன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்துள்ளன. அங்குதான் மொழி தன் வாயால் பேசுகிறது. அதற்கு முந்திய காலத்தில் மொழியைப் பற்றிய வாக்கு எழுதா மண்ணுக்குள் இல்லை.

கைக்கோடரிக் காலத்திற்கும் எழுத்துக் காலத்திற்கும் நடுவில் உள்ளவை பல. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிகளில், செம்மணல் காற்றில் விலகும் இடங்களில், வெங்கச்சங்கல்லிலும் சிக்கிமுக்கி இனத்துக் கல்லிலும் செய்த நுண்கற்கருவிகள் கிடக்கின்றன. சில, நகத்தளவே உள்ளன. அவை எந்த மணலடுக்கோடு தொடர்புடையன என்று சாய்னர், ஆல்சின் என்னும் இருவர் ஆய்ந்து 1956இல் எழுதினர். தேரி மணலைக் கலைத்தபின் அவ்வாய்வை மீண்டும் செய்து பார்க்க முடியாது.

அடுத்தது மெருகிட்ட கற்கோடரி. புதிய கற்காலத்தார் கல்லைச் செதுக்கியதோடு நில்லாமல், அரைகல்லில் இட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினர். சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் சேர்வராயன் மலையிலும் சிற்றூர்க் கோயில்களில் இக்கோடரிகள் குவித்து வைத்து வழிபடப்படுவது பலரும் அறிந்தது. பிள்ளையார் என்று பெயரிட்டும் சில ஊர்களில் வணங்குகின்றனர். படித்தவர் நகைக்கலாம், ஆனால் அம்மலைமக்கள் கல்லை விற்கவில்லை, எறியவில்லை, தம் ஊரைவிட்டு அகற்றவும் இல்லை. பெட்டிக்காரரினும் அவர்கள் மேலானவர்கள். குறைந்தது எந்த ஊர்க் கல் என்பதாவது அங்குத் தெரிகிறது.

புதிய கற்காலத்தோடு பானை வருகிறது. பானையோட்டைப் போல எளிதில் கிடைப்பதும் இல்லை. அதனைப் போல் ஏமாற்றாமல் சான்று சொல்வதும் இல்லை. ஏனெனில் பானை உடையும்; உடைந்ததை எவரும் எடுத்துச்செல்வதில்லை; சுட்ட மண் மட்குவதுமில்லை.

திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வு இதனை நன்கு காட்டும். அங்குக் கீழடுக்கில் கையால் வனைந்த சாம்பல்நிறப் பானைகளும், மெருகிட்ட கற்கோடரிகளும், மண்ணில் குழி தோண்டி அமைத்த குடியிருப்புகளும், கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. அதற்கு மேலடுக்கில் கருஞ்செம் மட்கலமும் இரும்பும் வந்தன. கீழது முந்தியது, மேலது பிந்தியது என்னும் எளிய முறையால் இரு வாழ்க்கைகளின் வரிசை அங்கே தெளிந்தது. கொல்லையை ஆழ உழுது இரண்டையும் கலந்துவிட்ட நிலத்தில் அவ்வரிசை கிடையாது.

ஓட்டைக் கையிலெடுத்தால் முதலில் பார்ப்பது உட்புறம். திகிரியில் வனைந்ததாயின் ஒன்றுக்கொன்று இணையாய் நுண்கோடுகள் சுற்றிவரும். கையால் வனைந்ததாயின் கனம் இடத்திற்கிடம் மாறும், சில வேளை வனைந்தவரின் விரற்பள்ளமே பதிந்திருக்கும். பின்பு உடைந்த ஓரத்தை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். களிமண்ணோடு மணல் சேர்த்தாரா, உமி சேர்த்தாரா, சேர்த்த மணல் ஊர் ஆற்று மணலா, வேற்று நிலத்ததா என்பன அங்குத் தெரியும். ஓரத்தின் நடுவில் கருங்கோடு இருந்தால் சூளையின் வெம்மை உள்வரை எட்டவில்லை. விளிம்புத் துண்டாயின், அதன் வளைவை வட்டங்கள் வரைந்த தாளில் பொருத்திப் பார்த்து, மூன்று விரலகல ஓட்டிலிருந்தே முழுக் கலத்தின் வாயகலத்தைக் கண்டுவிடலாம். புறத்தே கரி படிந்திருந்தால் அஃது அடுப்பேறியது. அகத்தே கருமையும் புறத்தே செம்மையும் கொண்ட கலங்கள், சூளையில் கவிழ்த்துச் சுடப்பட்டவை என்று அறிஞர் பலர் கருதுவர். காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். இத்தனை நுட்பத்தையும் எந்த நூலும் கல்லாமல் கைவழியே தலைமுறைக்குத் தலைமுறை ஒப்படைத்த வேட்கோவரின் கல்வியைப் பற்றி இங்குத் தமிழர் எழுதியது மிகக் குறைவு.

இவற்றுள் பாதியைத் தேய்த்துக் கழுவுவதே அழித்துவிடும். ஓட்டின் நுண்துளைகளில் பழைய கொழுப்பும் உணவுச் சாறும் ஊறியிருக்கும். அவற்றை இன்றைய வேதியியல் முறைகளால் பிரித்தறிய முடிகிறது. தேய்ப்பான் கொண்டு துலக்கினால் போவது அழுக்கு மட்டுமன்று.

பொருள்கள் ஒன்றாய்க் கிடப்பதன் மதிப்பைப் பழனி அருகே பொருந்தல் காட்டிற்று. அங்கு 2009-10இல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் நடத்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில், நான்கு கால்கள் கொண்ட சாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே குழியில் தமிழி எழுத்துக் கீறிய தாங்கி ஒன்றும் இருந்தது. நெல்லில் உள்ள கரிமத்தைக் கணித்ததில் கி.மு. 490 என்று விடை வந்தது. நெல்லின் காலமே அக்குழியின் காலம். குழியின் காலமே அவ்வெழுத்தின் காலம். ஆர்வலர் ஒருவர் அத்தாங்கியை மட்டும் எடுத்துச் சென்றிருந்தால்? எழுத்து இருந்திருக்கும்; காலம் போயிருக்கும். எழுத்தின் தொன்மையை மறுப்போர்க்கு அதுவே போதுமானதாய் இருந்திருக்கும்.

அண்மைக் காலத்துச் செய்திகளும் இவ்வாறே. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பழமை கி.மு. 2172 என்று 2022இலும், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025இலும் தமிழக அரசு வெளியிட்டது. இவற்றை ஐயுறுவோர் உளர். மேலும் ஆய்க என்போர் உளர். எப்படியாயினும் அங்குச் சொற்போர் நடப்பதற்கு ஒரு களம் உள்ளது. ஏனெனில் எந்த ஊர், எந்தக் குழி, எந்த ஆழம், எந்தக் கரித்துண்டு என்பன எழுதப்பட்டுள்ளன.

செம்பியன் கண்டியூரில் அக்களம் அமையாமற் போயிற்று. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள அவ்வூரில் 2006இல், பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி தோண்டுகையில் மெருகிட்ட கற்கோடரி இரண்டு கிடைத்தன. ஒன்றில் சில குறிகள் இருந்தன. அவர் அவற்றை மறைக்காமல் தொல்லியல் துறையார்க்குக் காட்டியது முன்மாதிரியான செயல். ஐராவதம் மகாதேவன் அக்குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என்றார். அவற்றுள் முருகன் என்னும் பெயரையும் கண்டார். அவை எழுத்தாகா என்று மறுத்தோரும் இருந்தனர். கருவியின் வடிவை வைத்துக் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்டது என்று உரைக்கப்பட்டது. வடிவை வைத்து உரைத்த காலம் அது; மண்ணடுக்கால் அளந்த காலமன்று. கன்று நடத் தோண்டிய குழியில் அடுக்கு எது, உடன்கிடந்த ஓடு எது என்று அவ்வாசிரியர் எங்ஙனம் அறிவார்? பின்னர்த் துறையினர் அவ்வூரில் அகழ்ந்து கருஞ்செம் மட்கலங்களையும் கீறல் குறியுள்ள ஓடுகளையும் கண்டனர். ஆயினும் அக்கோடரி எந்த அடுக்கிற்கு உரியது என்னும் வினாவுக்கு விடை தரக்கூடிய சிறு மண்கட்டி அக்குழியோடு போய்விட்டது. தமிழர் வரலாற்றின் மாபெரும் வினா ஒன்று, வாழைக்குழி அளவு மண்ணால் விடையின்றி நிற்கிறது.

தெரியாமல் நேர்ந்தது அது. தெரிந்தே நேர்வன இன்று மிகுதி. கல்லுடைப்புக்காரர்க்கு வெடிவைக்கத் தக்க குன்றெல்லாம் ஒன்றே. செம்மண் அள்ளும் பொறி ஒரே பகலில் தின்னும் மேட்டை, அகழாய்வாளர் சிறு கரண்டியும் தூரிகையும் கொண்டு பத்தாண்டு தோண்ட வேண்டும். மனைப்பிரிவுக்காக நிரவப்படும் நிலத்தில் எல்லைக்கல் நடுவோர் ஈமக்குத்துக்கல்லைப் பெயர்த்து எறிகின்றனர். ஃபூட்டு கண்ட பல்லாவரத்துப் பரப்பு இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய சென்னைப் புறநகர். தமிழ் வாழ்க என்று சுவரெழுதும் ஊர்களிலேயே அவ்வூர்ப் பாறைமேடு சரளையாகிச் சரக்குந்தில் ஏறிச் செல்கிறது. அதனைத் தடுத்து நிறுத்தியவர் என்று சுட்டத்தக்கோர் மிகச் சிலரே. வடவர் மறைத்தனர், ஆங்கிலேயர் கொண்டுசென்றனர் என்னும் குற்றச்சாட்டுகளில் மெய் உண்டு. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைச் செருமானியர் யாகோர் 1876இல் பெர்லினுக்குக் கொண்டுசென்றதை மறுப்பார் இல்லை. ஆனால் பெர்லினுக்குச் சென்றது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரக்குந்தில் சென்றது சாலைக்கு அடியில் இருக்கிறது.

ஆர்வமுள்ளவர் செய்யத்தக்கது அரிதன்று. கண்ட பொருளை முதலில் எடாமல், கிடந்த நிலையிலேயே, அளவுக்கு ஓர் எழுதுகோலை அருகில் வைத்து ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். கைப்பேசியே அவ்விடத்தின் நெட்டாங்கு, குறுக்காங்கு எண்களைத் தருகிறது; அவற்றையும், ஊர்ப்பெயரையும், அந்நிலத்தை ஊரார் வழங்கும் பெயரையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். நிலப்பெயர் இன்றியமையாதது, பாண்டவர் குழி, மாண்டவர் மேடு, சாம்பல் மேடு, நத்தமேடு என்றாற்போன்ற பெயர்களே எத்தனையோ இடங்களில் ஆய்வாளர்க்கு வழிகாட்டியுள்ளன. மேலே கிடப்பதைப் பார்க்கலாம், தோண்டுதல் கூடாது. இசைவின்றித் தோண்டுதல் அறியாமை மட்டுமன்று, சட்டத்திற்கும் புறம்பு. மண்ணுள் மறைந்து கிடந்து வெளிப்பட்ட, பத்து உருபாவுக்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. வட்டாட்சியரிடமோ மாநிலத் தொல்லியல் துறையினரிடமோ எழுத்தால் தெரிவித்து, அவ்வெழுத்தின் படியொன்றைப் பள்ளியில் வைத்துக்கொள்வது பின்னர் அந்நிலம் கல்லுடைப்புக்கு ஏலம் போகும்போது பயன்படும்.

ஏற்கெனவே பெட்டியில் சேர்ந்துவிட்டவற்றுக்கும் ஓரளவு மீட்பு உண்டு. எடுத்தவர் உயிரோடிருக்கும்போதே, எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், உழவின்போதா மழைக்குப்பின்னா என்று நினைவுள்ள மட்டும் கேட்டு எழுதி, ஒவ்வொரு கல்லிலும் ஓட்டிலும், தழும்பும் குறியும் இல்லாத பகுதியில், அழியாத மையால் சிறிய எண்ணிட்டு, அதே எண்ணை ஏட்டிலும் இட வேண்டும். ஓட்டிற்கு உட்புறமே எண்ணுக்கு ஏற்ற இடம்; உடைந்த ஓரத்தில் எழுதினால் மண்ணின் சேர்மானம் மறையும். நினைவில்லாதவற்றுக்கு இடம் தெரியாது என்றே எழுதுதல் வேண்டும். ஊரைக் கற்பித்து எழுதுதல் கூடாது. அவ்வேட்டின் முதற்படி எழுதியவரிடமும், இரண்டாம் படி அம்மாவட்ட அருங்காட்சியகத்திலும் இருத்தல் நன்று.